தொடக்கநிலை, நடுத்தரம், புரொஃபஷனல்: எந்த கேமரா உங்களுக்கு?

கேமரா வாங்கப்போகிறேன் என்று சொன்னால் அடுத்த நொடி வரும் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" அந்தக் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். கேனான் 2018-ல் வெளியிட்ட 2000டி, அவர்களுடைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே இருக்கும் கண்ணாடி திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும் வகை) வரிசையில் அடிமட்டத்து மாடல்களில் ஒன்று. அதில் 24.1 மெகாபிக்சல். இரண்டு வருடம் கழித்து, மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து விளையாட்டுப் படம் எடுப்பவர்களை மனதில் வைத்து அவர்களே கொண்டுவந்த 1டிஎக்ஸ் மார்க் 3-ல் 20.1 மெகாபிக்சல்தான். விலையோ பல மடங்கு. எண்ணிக்கையில் மலிவானதே ஜெயித்துவிட்டது. அப்படியென்றால் அந்தப் பல மடங்குப் பணம் எதற்குப் போகிறது?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் நன்றாக இருந்து, எதிரே இருப்பது அசையாமல் நின்று, உங்களுக்கும் அவசரம் எதுவும் இல்லையென்றால் இரண்டு கேமராவும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் படத்தைத்தான் தரும். வெளிச்சம் மங்கி, ஆள் ஓடி, தூறல் விழுந்து, இந்த நொடி போனால் திரும்ப வராது என்கிற நிலை வரும்போதுதான் ஒன்று தடுமாறும், இன்னொன்று தடுமாறாது. விலை ஏற ஏற நீங்கள் வாங்குவது இந்தத் தடுமாறாமையைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இந்த இரண்டுக்கும் நடுவில் 2019-ல் வந்த கேனான் 90டியையும் சேர்த்துக்கொள்கிறேன். மூன்றும் ஒரே நிறுவனம், அடுத்தடுத்த வருடங்கள், மூன்றுமே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர்கள், அதனால் ஒப்பிடுவது சுலபம். ஒரு நொடிக்கு 2000டி 3 படம் எடுக்கும், 90டி 10, வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பார்த்து எடுக்கும்போது 1டிஎக்ஸ் மார்க் 3 எடுப்பது 16. ஃபோகஸ் புள்ளிகள் வரிசையாக 9, 45, 191. பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை 475 கிராம், 701 கிராம், 1440 கிராம். ஒரு முறை சார்ஜ் செய்தால் நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 500, 1300, 2850 படங்கள். கவனித்தீர்களா, இந்த எண்களில் ஒன்றுகூட படம் எவ்வளவு அழகாக வரும் என்பதைப் பற்றிப் பேசவில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: சென்சாரின் அளவு

மெகாபிக்சலை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். சென்சார் என்பது பிலிமுக்குப் பதிலாக உள்ளே இருந்து வெளிச்சத்தைப் பிடிக்கும் தட்டு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மில்லிமீட்டர், பழைய 35 எம்எம் பிலிம் கட்டத்தின் அதே அளவு. தொடக்கநிலையிலும் நடுத்தரத்திலும் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி. கேனானில் அது ஏறக்குறைய 22.3 × 14.9 மில்லிமீட்டர், நிக்கான், சோனி, ஃபுஜிபிலிமில் கொஞ்சம் பெரிதாக 23.5 × 15.6. பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேம், கேனானின் ஏபிஎஸ்-சியைவிட 2.6 மடங்கு. அதே அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), அதே ஷட்டர் வேகத்தில் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) மொத்தமாக உள்ளே வரும் வெளிச்சமும் அத்தனை மடங்கு, அதனால் மங்கிய இடத்தில் படத்தை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு 6400 மாதிரி உயரத்துக்குப் போகும்போது இருட்டான பகுதிகளில் மணல் தூவியதுபோல் வரும் புள்ளிகள் குறையும்.

ஆனால் 2000டிக்கும் 90டிக்கும் சென்சார் அளவு ஒன்றேதான் என்பதை மறக்க வேண்டாம். அதாவது தொடக்கநிலையிலிருந்து நடுத்தரத்துக்குத் தாவுகிறவர்களில் பலர் சென்சாரில் எதையும் கூடுதலாகப் பெறுவதில்லை. 2000டியும் 14 பிட் ரா ஃபைல் (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தருகிறது, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் அது 256. ராவில் எடுத்துப் பொறுமையாகத் திருத்தத் தெரிந்தவர் கையில் அந்த மலிவு கேமரா கொடுக்கும் படத்தைப் பார்த்து, எந்த கேமராவில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மெகாபிக்சல் பற்றி ஒரே வரி: 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 20 அங்குல அகலத்துக்குத் தாங்கும். 4கே டிவி முழுத்திரைக்கே 8.3 மெகாபிக்சல்தான் வேண்டும். போதும்.

இரண்டாவது படி: விரல்களுக்கு என்ன வேலை

புதிதாக வருகிறவர்கள் யாருமே பார்க்காத விஷயம் இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

2000டியை எம் மோடில், அதாவது எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் முறையில் வையுங்கள். ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஒரே ஒரு டயல். அதைச் சுழற்றினால் ஷட்டர் வேகம் மாறும். அபெர்ச்சரை மாற்ற வேண்டுமென்றால் பின்பக்கம் ஏவி என்று எழுதியிருக்கும் சின்ன பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலால் அதே டயலைச் சுழற்ற வேண்டும். கட்டைவிரல் கொஞ்சம் நழுவினால் அபெர்ச்சருக்குப் பதில் ஷட்டர் மாறிவிடும். அதைக் கவனித்துத் திரும்பச் சரிசெய்வதற்குள் எதிரே சிரித்துக்கொண்டிருந்த குழந்தை எழுந்து போயிருக்கும்.

90டியில் ஆள்காட்டி விரலுக்கு ஒரு டயல், கட்டைவிரலுக்குப் பின்பக்கம் ஒரு வட்டச் சக்கரம். ஒன்று ஷட்டர், ஒன்று அபெர்ச்சர். ஐஎஸ்ஓ பட்டன் மேலே, விரல் எட்டும் தூரத்தில். கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே மூன்றையும் மாற்றிவிடலாம். ஒரு மாதம் பழகினால் விரல்களே செய்துவிடும், நீங்கள் யோசிக்கக்கூடத் தேவையில்லை.

1டிஎக்ஸ் மார்க் 3 இன்னொரு பக்கம் போய்விடுகிறது. மலை, பூ, ஓடும் மனிதன் என்று படம் போட்ட மோடு டயல் அதில் கிடையவே கிடையாது, மேலே எழும்பி நிற்கும் சின்ன ஃபிளாஷும் கிடையாது. செங்குத்தாகப் பிடித்து எடுக்கத் தனியாக இன்னொரு ஷட்டர் பட்டன் உண்டு. "இவ்வளவு விலை கொடுத்தும் ஃபிளாஷ் இல்லையா?" என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கநிலை கேமரா உங்களுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு உதவிக்கு ஓடிவரும். புரொஃபஷனல் கேமராவோ எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். முதல் கேமராவாக அதை வாங்குவதில் இருக்கும் சங்கடம் பணம் மட்டும் இல்லை.

வ்யூஃபைண்டரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவு டிஎஸ்எல்ஆர்களில் உள்ளே கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிச் செய்த அமைப்பு, அதற்கு மேலே போனால் ஒரே பட்டகம். 2000டி வ்யூஃபைண்டரில் காட்சியில் 95 சதவீதம்தான் தெரியும். நீங்கள் பார்க்காத அந்த ஓரத்திலிருந்து யாருடையதோ முழங்கை படத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். 90டியில் 100 சதவீதம், பார்த்ததுதான் படம்.

ஒரு பழைய கதை

இந்த வகைப் பிரிவுகள் எல்லாமே தொழில்நுட்பம் கட்டாயப்படுத்தியதால் வந்தவை என்று நினைக்க வேண்டாம். 2003-ல் கேனான் 300டி வந்தபோது அதற்குள் இருந்தது, விலை கூடிய 10டியில் இருந்த அதே 6.3 மெகாபிக்சல் சென்சார். வித்தியாசம் காட்டுவதற்காகச் சில வசதிகளை மென்பொருளிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த மென்பொருளை யாரோ மாற்றி எழுதிவிட, ஐஎஸ்ஓ 3200, ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறைப்பது போன்றவை மலிவு கேமராவில் திறந்துகொண்டன. கேமரா அப்படியேதான் இருந்தது, பூட்டு மட்டும் போனது.

அதனால் ஒரு வசதி இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். அதற்குரிய பாகம் உள்ளேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது மேல் மாடலின் விற்பனை படுத்துவிடக் கூடாது என்று எடுத்திருக்கலாம். இரண்டாவது வகைக்காக மனம் நொந்துகொள்ள வேண்டாம், அதில் பாதி உங்களுக்குத் தேவையே படாது.

மூன்றாவது படி: அசைவதைத் துரத்துவது

வேகம் என்றால் எல்லோரும் நொடிக்கு எத்தனை படம் என்றுதான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், எத்தனை நொடிக்கு அந்த வேகம் தாங்கும் என்பது. படம் எடுத்ததும் நேராகக் கார்டுக்குப் போவதில்லை, கேமராவின் உள்நினைவகத்தில் கொஞ்ச நேரம் வரிசையில் நிற்கும். 2000டியில் ராவில் விடாமல் அழுத்தினால் 11 படம் வரை தாங்கும், அதாவது நாலு நொடிக்குள் வரிசை நிரம்பிவிடும். அப்புறம் கார்டு எழுதும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், இடம் காலியாகக் காலியாக விட்டுவிட்டு ஒவ்வொரு படமாகத்தான் எடுக்கும். 1டிஎக்ஸ் மார்க் 3 சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டில் 1000 ரா படங்களுக்கு மேல் நிற்காமல் போகும்.

கார்டு வாங்கும்போது இங்கே ஒரு காசு மிச்சம் உண்டு. எஸ்டி கார்டுகளில் யுஎச்எஸ்-1 வகையின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி, யுஎச்எஸ்-2 வகைக்கு 312. இரண்டாவது வகைக்குப் பின்பக்கம் கூடுதலாக ஒரு வரிசை உலோகப் பட்டைகள் இருக்கும். தொடக்கநிலை கேமராக்கள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் புரிந்துகொள்ளும். அதற்குள் விலை உயர்ந்த இரண்டாவது வகையைச் செருகினால் வேலை செய்யும், ஆனால் வேகம் கூடாது.

ஃபோகஸ் விஷயத்தில் ஐந்தாறு வருடங்களில் கதையே மாறிவிட்டது. டிஎஸ்எல்ஆர் காலத்தில் 9 புள்ளிக்கும் 191 புள்ளிக்கும் மலையும் மடுவுமான வித்தியாசம். உள்ளே கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது, மென்பொருள் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது, அந்த மென்பொருள் மேலிருந்து கீழே வேகமாக இறங்கி வருகிறது. நிக்கான் 2024-ல் வெளியிட்ட இசட்50-2 ஒரு சின்ன ஏபிஎஸ்-சி கேமரா, ஆனால் அதில் இருப்பது அவர்களுடைய உச்ச மாடலான இசட்9-ல் உள்ள அதே எக்ஸ்பீட் 7 புராசசர். கேனானின் சின்ன ஆர்50 கூட மனிதர், விலங்கு, வாகனம் என்று கண்டுபிடித்துத் துரத்தும். என் அபிப்பிராயத்தில், இந்த ஒரு விஷயத்துக்காகவே இன்று புதிதாக வாங்குபவர் மலிவு டிஎஸ்எல்ஆரைவிட மலிவு மிரர்லெஸ்ஸைப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் இசட்9 மாதிரி கேமராவுக்கு ஏன் இன்னும் அவ்வளவு விலை? சென்சாரிலிருந்து படத்தை வாசித்து எடுக்கும் வேகம். சாதாரண சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக அசைவதை எடுத்தால், மேல் வரி வாசித்த நேரத்துக்கும் கீழ் வரி வாசித்த நேரத்துக்கும் நடுவில் அது நகர்ந்திருக்கும். சுழலும் மின்விசிறியை அப்படி எடுத்துப் பாருங்கள், இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். இசட்9-ன் அடுக்குச் சென்சார் வாசிக்கும் வேகத்தை நம்பி அதில் இயந்திர ஷட்டரையே நிக்கான் எடுத்துவிட்டது. சோனி 2023-ல் அறிவித்த ஏ9-ன் மூன்றாம் பதிப்பு எல்லா வரியையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது, வளைவு என்ற பேச்சே இல்லை.

நான்காவது படி: கெட்டுப்போனால் என்ன ஆகும்

நண்பர் ஒருவரின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், நான்தான் படம் எடுக்கிறேன் என்று முன்வந்து நின்றேன். ஒரே கார்டு போடும் கேமரா. கேக் வெட்டி முடித்து, எல்லோரும் நின்று குரூப் போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினால், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. மீட்பு மென்பொருள் போட்டு இரவு முழுக்க உட்கார்ந்து பாதியை எடுத்தேன். கேக் வெட்டியது அந்தப் பாதியில் இல்லை. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

இரண்டு கார்டு துளை எதற்கு என்று அதுவரை எனக்கே புரிந்ததில்லை. ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்லலாம். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். தொடக்கநிலையில் இது கிடையாது, நடுத்தரத்தில் சிலவற்றில் உண்டு (90டியில் இல்லை, மிரர்லெஸ்ஸில் கேனான் ஆர்7-ல் உண்டு). யாரிடமாவது காசு வாங்கிக்கொண்டு, திரும்ப நடக்காத ஒன்றைப் படம் எடுப்பவராக இருந்தால், வேறு எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்ய வேண்டாம்.

கேமரா உடம்பின் உறுதியும் இந்தக் கணக்கில்தான் வரும். மலிவு கேமராக்களில் தூசுக்கும் தூறலுக்கும் தடுப்பு கிடையாது, நடுத்தரத்திலிருந்து ரப்பர் வளையங்கள் வைத்து இணைப்புகளை அடைக்கிறார்கள். அதற்காகத் தண்ணீரில் முக்கலாம் என்று அர்த்தமில்லை, லென்ஸிலும் அதே தடுப்பு இல்லையென்றால் கேமராவில் இருந்தும் பயனில்லை. ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. 1டிஎக்ஸ் மார்க் 3-க்கு 5 லட்சம் முறை வரை சோதித்ததாக கேனான் சொல்கிறது. பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஐந்தாவது படி: லென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 லென்ஸ், முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குப் போய்விடும் (இந்த எண் கூடக்கூட லென்ஸின் திறப்பு சிறுக்கும்). கேனான், நிக்கான், சோனி மூன்றிடமும் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 இருக்கும், அவர்களுடைய லென்ஸ் பட்டியலில் மலிவானவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வெளிச்சத்தில் ஏறக்குறைய 10 மடங்கு வித்தியாசம். மேலே பார்த்தோமே, ஃபுல் ஃபிரேமுக்குத் தாவினால் கிடைப்பது 2.6 மடங்கு. வீட்டுக்குள் 1/15 நொடியில் கலங்கிப்போன முகம், அந்த மலிவு லென்ஸில் 1/125-ஐத் தாண்டி உறைந்து நிற்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் அது 75 அல்லது 80 எம்எம் மாதிரி கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும், முகங்களுக்கு அது நல்லதுதான்.

வாங்கும் முன் பொருத்தத்தை விசாரியுங்கள். கேனானின் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர்களுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள் 1டிஎக்ஸ் போன்ற ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டா. நிக்கான் டி3500-ல் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அதனால் மோட்டார் இல்லாத பழைய லென்ஸைப் போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நடுத்தரமான டி7500-ல் மோட்டார் உண்டு.

ஆறாவது படி: கையில் எடுத்துப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் கேமராவைக் கையில் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். சுண்டுவிரல் பிடியில் உட்காருகிறதா, கீழே தொங்குகிறதா? கண்ணை எடுக்காமல் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் மாற்ற எத்தனை முயற்சி ஆகிறது? ராவில் வைத்து விடாமல் அழுத்தி, எப்போது திணறுகிறது என்று எண்ணுங்கள். யாரையாவது உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லி எடுத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு கேமராவோ போனோ வைத்துப் படம் எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு வேலை செய்யலாம், எனக்கு இது உதவியது. தவறிப்போன கடைசிப் பத்துப் படங்களை எடுத்து ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று எழுதுங்கள். இருட்டில் கலங்கியது என்றால் லென்ஸ். அமைப்பை மாற்றுவதற்குள் போய்விட்டது என்றால் இரண்டு டயல் உள்ள நடுத்தரம். பறவை ஃபோகஸில் நிற்கவில்லை என்றால் புதிய மிரர்லெஸ். மழையில் வெளியே எடுக்கவே பயந்தேன், அல்லது கார்டு போனால் வேலையே போய்விடும் என்றால் மட்டும் மேல்தட்டைப் பாருங்கள். என் பட்டியலில் பத்தில் ஆறு லென்ஸ், மூன்று என் அவசரப் புத்தி.

மேல்தட்டு கேமரா வேண்டும் என்று மனம் அடங்கவில்லையென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். நானும் எடுத்தேன். காலையில் அந்த ஷட்டர் சத்தத்துக்கு மயங்கி ஒரு நாயை மட்டும் நானூறு படம் எடுத்தேன். மாலையில் ஒன்றரைக் கிலோ கேமராவும் அதைவிடக் கனமான லென்ஸும் தோளை இழுக்க, திருப்பிக் கொடுக்கும் நேரம் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறில் வைத்துக்கொண்டது நான்கு.